பாலித் தீவுக் கோயில்களுக்குப் போவது எப்படி: நாள், உடை, கும்பிடும் முறை, வயல், சாப்பாடு

பாலியில் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் திசை சொல்லும்போது வடக்கு தெற்கு பார்ப்பதில்லை. காஜா என்றால் மலைப் பக்கம், கெலோட் என்றால் கடல் பக்கம், கங்கின் என்றால் சூரியன் உதிக்கும் பக்கம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் தங்கும் தென்பகுதியில் காஜா வடக்காக இருக்கும். மலையைத் தாண்டி வடகரையிலுள்ள சிங்கராஜாவுக்குப் போனால் அதே காஜா தெற்காகிவிடும். வீட்டுக்குள் இருக்கும் குடும்பக் கோயில், ஊர்க் கோயிலின் உள்முற்றம், படுக்கையில் தலை வைக்கும் பக்கம் எல்லாம் இந்தக் கணக்கில்தான். தென்பாலியில் காஜாவும் கங்கினும் சேரும் மூலை வடகிழக்கு. நம் ஊரில் ஈசானிய மூலைக்குக் கொடுக்கும் மரியாதையை அங்கே அந்த மூலைக்குக் கொடுக்கிறார்கள். இதை முதலிலேயே பிடித்துக்கொண்டால் எந்தக் கோயிலிலும் எங்கே உட்கார வேண்டும், எதற்கு முதுகு காட்டக் கூடாது என்பதை யாரையும் கேட்காமலே ஊகித்துவிடலாம்.

தீவின் பெரும்பாலான மக்கள் இந்துக்கள். அதனாலேயே தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவது போல நினைத்துக்கொண்டு போவார்கள். கருவறை, மூலவர், தரிசனம், அர்ச்சனைச் சீட்டு, விபூதி எதுவும் இருக்காது. பாதிக் கோயில்கள் வெறிச்சோடிக் கிடக்கும். இது புறக்கணிப்பு இல்லை. பாலி வழக்கில் தெய்வம் கோயிலில் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை, விழா நாளில் இறங்கி வருகிறது. ஆகவே எந்தக் கோயிலுக்குப் போவது என்பதைவிட எந்த நாளில் போவது என்பதுதான் முக்கியம்.

நாள் பார்ப்பது

பாலியில் இரண்டு பஞ்சாங்கங்கள் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று பாவுக்கோன். அதில் 5 நாள், 6 நாள், 7 நாள் வாரங்கள் ஒன்றோடொன்று பின்னி நகரும். மூன்றும் ஒரு முழுச் சுற்று முடிய 5 × 6 × 7 = 210 நாள். பெரும்பாலான கோயில்களின் ஆண்டு விழாவான ஓடாலான் இந்த 210 நாளுக்கு ஒரு முறை வரும். இன்னொன்று நமக்குத் தெரிந்த சக ஆண்டு. அமாவாசை, பௌர்ணமிக் கணக்கில் நடக்கும் விழாக்கள் இதில் வரும்.

பெரிய விழா கலுங்கன். முன்னோர்கள் வீட்டுக்கு வரும் நாள். எப்போதும் புதன்கிழமைதான். பத்தாம் நாள் சனிக்கிழமை குனிங்கன், அவர்கள் திரும்பிப் போகும் நாள். 2026-இல் ஜூன் 17, ஜூன் 27. அடுத்தது 2027 ஜனவரி 13, 23. அதற்கடுத்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 11, 21. இந்தப் பத்து நாளும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பென்ஜோர் என்ற வளைந்த மூங்கில் கம்பம், குருத்தோலைத் தொங்கல்களோடு நிற்கும். தீவு மிக அழகாக இருக்கும் நேரம் இதுதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் கலுங்கனுக்கு முந்தின நாள், அன்று, மறுநாள் மூன்று நாளும் வாடகை வண்டி ஓட்டுநர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், சிறு கடைகள் பூட்டியிருக்கும். முந்தின நாள் வீட்டுக்கு வீடு பன்றி அறுப்பார்கள். பார்க்க முடியாதவர்கள் அன்று காலை கிராமத் தெருக்களில் நடக்க வேண்டாம்.

தவறிப்போய் மாட்டிக்கொள்ளும் நாள் ந்யேபி, சக புத்தாண்டு. பெரும்பாலும் மார்ச்சில் வரும். 2026-இல் மார்ச் 19-ஆம் தேதி வந்தது. காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை விமான நிலையமே மூடப்படும். நெருப்போ விளக்கோ ஏற்றக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. கைபேசி இணையத்தையும் நிறுத்திவிடுவார்கள். சுற்றுலாப் பயணிக்கும் விலக்கு இல்லை. பெச்சாலாங் என்ற ஊர்க் காவலர்கள் தெருவில் சுற்றுவார்கள், மருத்துவ அவசரத்துக்கு மட்டும் வழிவிடுவார்கள். அந்த நாளில் போய் இறங்குவது போல டிக்கெட் போடாதீர்கள். முந்தின நாள் மாலை ஓகோ-ஓகோ என்ற பூதப் பொம்மைகளைத் தூக்கி வரும் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் பழம், ரொட்டி, தண்ணீர் வாங்கி அறையில் வைத்துக்கொண்டால், தெருவிளக்கு ஒன்றுகூட இல்லாத வானத்தைப் பார்க்கலாம்.

மற்ற நாட்களில் செய்ய வேண்டியது எளிது. தங்கும் வீட்டுக்காரரிடம் "இந்த வாரம் பக்கத்தில் எங்கே ஓடாலான்?" என்று கேளுங்கள். அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓடாலான் பெரும்பாலும் மூன்று நாள் நடக்கும். பெண்கள் தலையில் பழக் கோபுரங்களைச் சுமந்து வருவது பிற்பகலில், கூட்டு வழிபாடு மாலையில். தீவின் தலைமைக் கோயிலான பெசாகியில் பெரிய ஆண்டுவிழா பத்தாம் மாதப் பௌர்ணமியில், அதாவது மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ தொடங்கிச் சில வாரங்கள் நீளும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கும்போது விசா உண்டு: 5,00,000 ரூபியா, 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். இணையத்தில் முன்பே எடுத்தால் வரிசை மிச்சம். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவருக்கும் 1,50,000 ரூபியா தீவு வரி தனியாக உண்டு. அதையும் இணையத்தில் கட்டி, வரும் குறியீட்டைக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. கோயில் பார்க்க, உள்நாட்டு ஊரான உபுட் நல்ல தங்குமிடம். கடற்கரைப் பகுதிகளான கூட்டா, செமின்யாக் பக்கம் தங்கினால் பாதி நாள் போக்குவரத்து நெரிசலிலேயே போய்விடும். பாலிச் சாலையில் 40 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது

ஆணும் பெண்ணும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மறைக்கும் கமென் என்ற கைலித் துணி உடுத்தி, அதன்மேல் இடுப்பைச் சுற்றிச் செலெண்டாங் என்ற துணிப்பட்டை கட்ட வேண்டும். இரண்டாவதைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். நீளமான பேன்ட் போட்டிருந்தாலும், சேலையோ வேட்டியோ கட்டியிருந்தாலும் இடுப்புப் பட்டை வேண்டும். இடுப்புக்குக் கீழிருக்கும் ஆசைகளைக் கட்டி வைப்பதாக அதற்கு அர்த்தம் சொல்வார்கள். பெரிய கோயில்களில் வாசலிலேயே வாடகைக்கோ சீட்டோடு சேர்த்தோ தருவார்கள். கிராமக் கோயிலில் தர மாட்டார்கள். உபுட் சந்தையில் ஆளுக்கு ஒரு செட் வாங்கிவிடுவது நல்லது.

கூட்டு வழிபாட்டில் உட்காரப் போகிறீர்கள் என்றால் ஆண்கள் உடெங் என்ற தலைத்துணியும் வெள்ளைச் சட்டையும், பெண்கள் கெபாயா என்ற முழுக்கை மேல்சட்டையும் அணிவது முறை. பெண்கள் முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். கேரளக் கோயில் நினைவில் யாரும் சட்டையைக் கழற்றிவிடாதீர்கள். செருப்பு விஷயமும் நமக்கு நேரெதிர். முற்றம் வரை செருப்போடு போகலாம், பாய் விரித்த இடத்திலும் மேடை மண்டபத்திலும் ஏறும்போது கழற்றினால் போதும். வெறுங்காலோடு நடந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை, கருங்கல் தரை மதிய வெயிலில் சுடும், அவ்வளவுதான்.

மாதவிடாய் நேரத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை எல்லா வாசலிலும் இருக்கும். அண்மையில் வீட்டில் சாவு நடந்தவர்களும், ஆறாத ரத்தக் காயம் உள்ளவர்களும் உள்ளே போவதில்லை. ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்ளாததும் அவரவர் விஷயம். ஆனால் அவர்கள் கோயில், அவர்கள் விதி. அன்றைக்கு வயல் பக்கமோ கடற்கரைக்கோ போகும்படி திட்டத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

நடுவே பிளந்து இரண்டாக நிற்கும் வாசல் சண்டி பெந்தார். அதைத் தாண்டினால் வெளிமுற்றம். அங்கே சமையல், சேவல் சண்டை, கடைகள் இருக்கும். அடுத்தது நடுமுற்றம், காமெலான் வாத்தியக் குழு உட்காரும் இடம். அதற்கு மேல் கூரையிட்ட உயர்ந்த வாசல் கோரி அகுங், அதன் பின்னால் உள்முற்றமான ஜெரோவான். வாசலைத் தாண்டியதும் நேர் எதிரே ஒரு குட்டைச் சுவர் மறிக்கும். தீய சக்திகள் நேர்கோட்டில்தான் நகரும் என்பதால் அந்தத் தடுப்பு. அதைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும். கோரி அகுங்கின் நடுக்கதவு விழாவில் தெய்வத்துக்கும் பூசாரிகளுக்கும் மட்டும் திறக்கும். பூட்டியிருந்தால் பக்கவாட்டு வாசலைத் தேடுங்கள்.

ஜெரோவானில் இஜுக் என்ற கறுப்புப் பனை நார் வேய்ந்த அடுக்குக் கோபுரங்கள் மெரு. அடுக்குகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும், அதிகபட்சம் 11. வடகிழக்கு மூலையில் ஆமையும் பாம்பும் சுற்றிய அடித்தளத்தின் மேல் ஒரு கல் நாற்காலி தெரியும். அதுதான் பத்மாசனா. நாற்காலி காலியாகத்தான் இருக்கும். தேடி அலைய வேண்டாம், அந்த வெற்று இருக்கைதான் பரம்பொருளான சங் ஹ்யாங் விதிக்கானது. சந்நிதியைச் சுற்றி வலம் வருவது அன்றாட வழக்கம் இல்லை. சந்நிதிகளைத் தொடவோ, படியில் ஏறி நின்று படமெடுக்கவோ கூடாது. பூசாரி உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேல் உயரமான இடத்தில் நிற்காதீர்கள், கும்பிடுகிறவர்களின் முன்னால் குறுக்கே போகாதீர்கள். சுற்றுலாப் பயணிகள் துரத்தப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டு காரணங்களுக்குத்தான்.

சில கோயில்களில் ஜெரோவானுக்குள் கும்பிட வருபவர்களுக்கு மட்டும் அனுமதி. 'நாங்களும் இந்துதான், இந்தியாவிலிருந்து வருகிறோம், கும்பிட வேண்டும்' என்று முழு உடையோடு பணிவாகச் சொன்னால் பல இடங்களில் விடுவார்கள். காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னால் விடமாட்டார்கள். கடற்பாறை மேலிருக்கும் தானா லோட் கோயிலில் மட்டும் எப்படிச் சொன்னாலும் வெளியாள் மேலே ஏற முடியாது.

கும்பிடும் வரிசை

முதலில் படையல். சனாங் சாரி என்ற தட்டு உள்ளங்கை அளவு, தென்னங்குருத்தோலையை மூங்கில் குச்சியால் தைத்தது. அடியில் போரோசான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்த்து ஓலையில் சுருட்டிய சிறு பொட்டலம். வெற்றிலை பாக்கு வைக்காமல் நமக்கு எந்த நல்ல காரியமும் இல்லை, அவர்களுக்கும் இது இல்லாமல் படையல் ஆகாது. அதன் மேல் பூக்கள் திசைப்படி: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை, நடுவில் பொடியாக அரிந்த ரம்பை இலை. காலைச் சந்தையில் கட்டாகக் கிடைக்கும். ஊதுபத்தியும் உதிரிப் பூவும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நடைபாதையில் வைத்திருக்கும் தட்டுகளைத் தாண்டிப் போகாமல் ஒதுங்கிப் போங்கள். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தால் கட்டாயம் ஒதுங்க வேண்டும். அணைந்தபின் கோழியும் நாயும் கிளறுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பாயில் ஆண்கள் சம்மணமிட்டு, பெண்கள் மண்டியிட்டு உட்கார வேண்டும். முன்னால் சனாங்கை வைத்து ஊதுபத்தி ஏற்றி, கைகளை அந்தப் புகையில் காட்டிக்கொள்ளுங்கள். கூட்டு வழிபாடு திரிசந்தியா மந்திரத்தோடு தொடங்கும். அதன் முதல் அடிகள் காயத்ரி மந்திரம். உச்சரிப்பு கொஞ்சம் மாறியிருந்தாலும் உடனே அடையாளம் தெரியும். பிறகு ஐந்து வணக்கம். கூப்பிய கையை நெற்றிக்கு மேலே தூக்கி, பூ வைக்கும் வணக்கத்தில் அதை விரல் நுனிகளுக்கு நடுவே பிடிக்க வேண்டும். முதல் வணக்கம் வெறுங்கை. இரண்டாவது பூவோடு சூரியனுக்கு. மூன்றாவது அந்தக் கோயில் தெய்வத்துக்கு, பூ அல்லது க்வாங்கென் என்ற ஓலைப் பூச்செண்டோடு. நான்காவது அருள் வேண்டி, அதேபோல். ஐந்தாவது மீண்டும் வெறுங்கை. ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பூவைக் காதோரம் செருகிக்கொள்வார்கள். எண்ணிக்கை தவறினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

முடிந்தபின் வெள்ளை உடைப் பூசாரியான பெமாங்கு தீர்த்தம் கொண்டு வருவார். மூன்று முறை தலையில் தெளிப்பார். வலக்கையை இடக்கை மேல் வைத்துக் குழித்து மூன்று முறை வாங்கி உறிஞ்சி, அடுத்த மூன்று முறை முகத்திலும் தலையிலும் தடவிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஊறிய அரிசி, பிஜா. சிலதைப் புருவ நடுவில் அழுத்தி ஒட்டி, சிலதைத் தொண்டைக் குழியில் ஒட்டி, மீதியை மெல்லாமல் விழுங்க வேண்டும். பலர் சட்டென வாயில் போட்டு மென்றுவிடுகிறார்கள். ஈரம் காய்ந்தால் அரிசி உதிர்ந்துவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

தம்பாக்சிரிங்கிலுள்ள தீர்த்த எம்புல் ஊற்றுக் குளத்துக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு தாரைக்கும் வரிசை நீளும். கி.பி. 962 முதல் வரலாறு உள்ள இடம். குளத்தில் இறங்கத் தனித் துணி வாடகைக்குத் தருவார்கள், கோயில் உடையோடு நனையக் கூடாது. முதலில் படையல் வைத்துக் கும்பிட்டு, இடது ஓரத் தாரையில் தொடங்கி வலப்பக்கமாக நகர வேண்டும். நடுவே இரண்டு தாரைகள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு ஒதுக்கியவை, அவற்றில் தலை கொடுக்கக் கூடாது. எவை என்று இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு கூடாது. வாய் கொப்பளித்துத் துப்பலாம், குடிக்க வேண்டாம். மாற்றுத் துணி கொண்டுபோங்கள். கொஞ்ச தூரத்தில் அதே பக்ரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறையில் குடைந்த குனுங் காவி இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. படிகள் நிறைய. முட்டுவலி உள்ளவர்கள் இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மலையும் தண்ணீரும்

பெசாகி அகுங் எரிமலையின் சரிவில் இருக்கிறது. 1963-இல் நூறாண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஏகதச ருத்ரா சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே அகுங் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், எரிகுழம்பு பெசாகியைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. சடங்கை மறுபடி முறையாக 1979-இல், சக ஆண்டு 1900 முடியும்போது செய்தார்கள். பெரிய கோயில் வாசல்களில் 'வழிகாட்டி இல்லாமல் விட மாட்டோம்' என்று தனியாகக் காசு கேட்பவர்களிடமும், நன்கொடை நோட்டில் முந்தைய பெயர்களுக்கு எதிரே பெரிய பெரிய தொகையாகக் காட்டுபவர்களிடமும் பேச்சை வளர்க்காதீர்கள். சீட்டுக் கவுண்டருக்கு நேராகப் போங்கள். லெம்புயாங் கோயில் வாசல் படங்களில் தெரியும் ஏரி அங்கே இல்லை. கைபேசி லென்சின் கீழே கண்ணாடித் துண்டை வைத்துப் படமெடுத்துத் தருவார்கள். அந்தப் படத்துக்குச் சில மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். எங்களைக் கேட்டால் அந்த நேரத்தை வயலுக்குக் கொடுக்கலாம்.

நஞ்சை நிலம் தெரிந்தவர்களுக்கு பாலியில் கோயிலைவிட வியப்பானது சுபாக். ஒரு வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் எல்லாரும் சேர்ந்த அமைப்பு அது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும், அதில் வெவ்வேறு அகலத்தில் வெட்டுகள் இருக்கும். அந்த அகலமே அவரவர் தண்ணீர்ப் பங்கு. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பங்கு மாறாது. எந்த ஊர் எப்போது நடவு செய்யும், எப்போது வயலைக் காயவிடும் என்பதைத் தண்ணீர்க் கோயில்களில் கூடி முடிவு செய்கிறார்கள். அவற்றில் தலைமையானது பாத்தூர் ஏரியின் தேவி தனுவுக்கான உலுன் தானு பாத்தூர். 1970-களில் பசுமைப் புரட்சியின் பேரில் ஐ.ஆர். நெல் ரகங்களைக் கொடுத்து, முடிந்த போதெல்லாம் நடவு செய்யச் சொன்னார்கள். எல்லா வயலும் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்த இடைவெளி போனதும் புகையான் பூச்சி பெருகிப் பயிரை அழித்தது, தண்ணீருக்கும் இழுபறி வந்தது. கோயில் கணக்கே சரியானது என்று பின்னாளில் அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கணினி மாதிரி வைத்துக் காட்டினார். 2012-இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

இதைப் பார்க்க பாதுக்காரு மலைச் சரிவிலுள்ள ஜாதிலுவிஹ் போங்கள். தெகல்லாலாங் உபுட்டுக்குப் பக்கம்தான், ஆனால் ஊஞ்சல் கடைகள்தான் அதிகம். ஜாதிலுவிஹில் குறியிட்ட நடைபாதையை விட்டு வரப்பில் ஏறாதீர்கள். படிவயலின் வரப்பு ஓரம் சரிந்தால் கீழ் வயல் வரை பாதிக்கும். மழைக்குப் பின் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். வரப்பு மூலையில் மூங்கில் மேடைபோல் நிற்பது நெல்தாய் தேவி ஸ்ரீயின் இடம், அதன்மேல் பை வைக்காதீர்கள்.

கடல் பக்கம் சொல்ல அதிகமில்லை. தென்முனையான புக்கிட் சுண்ணாம்புப் பாறை, அதனால் அங்கே மணல் வெள்ளை. கிழக்கிலும் வடக்கிலும் எரிமலைக் கறுப்பு மணல். புக்கிட்டிலுள்ள உலுவத்து கோயிலில் மாலை ஆறு மணி வாக்கில் கெசாக் என்ற நடனம் நடக்கும், நம் ராமாயணக் கதைதான். அங்கே குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு பழம் கொடுத்தால்தான் விடும். பவர் கண்ணாடி போடுபவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தானா லோட்டுக்கு வற்றும் நேரம் பார்த்துப் போனால் பாறை அடிவாரம் வரை நடக்கலாம், அங்கே ஊற்றுநீர் தெளித்து அரிசி ஒட்டி விடுவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

இந்துத் தீவு என்பதால் சைவம் எளிது என்று நினைக்காதீர்கள். காய்கறி மட்டுமே தெரியும் தட்டிலும் தெராசி இருக்கும். அது புளிக்க வைத்த இறால் விழுது, சம்பலிலும் மசாலாவிலும் போடுவார்கள். கங்குங் கீரைப் பொரியலிலும் சேரும். கூடவே வரும் மொறுமொறு குருபுக் பெரும்பாலும் இறால் அப்பளம். லாவார் என்ற கலவைப் பதார்த்தத்தில் காய் தெரிந்தாலும் இறைச்சியும் சில வகைகளில் பன்றி ரத்தமும் உண்டு. "வெஜிடேரியன்" என்றால் சில கடைகளில் கோழியை மட்டும் எடுத்துவிடுவார்கள். ஆகவே பெயர் சொல்லியே கேளுங்கள்: "தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா உடாங், தன்பா தெராசி." இறைச்சி, மீன், இறால், இறால் விழுது வேண்டாம் என்று பொருள். முட்டையும் வேண்டாமென்றால் "தன்பா தெலுர்". நம்பிச் சாப்பிட சோயாவில் செய்யும் தெம்பே, டோஃபு, வெள்ளைச் சோறு, கடையில் தனியாக அரைத்த வேர்க்கடலைச் சட்னி போட்ட காய்கறிக் கலவையான காடோ-காடோ, தேங்காய்ப்பால் ஊற்றிய கறுப்பரிசிப் பாயசம் புபுர் இஞ்சின். வேர்க்கடலைச் சட்னியிலும் தெராசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். விழா நாளில் வீட்டுக்காரர் படையல் சாப்பாட்டைக் கொடுத்தால் இரண்டு கையாலோ வலக்கையாலோ வாங்கி, பழத்தையும் அரிசிப் பலகாரத்தையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தொடாமல் வைத்துவிடலாம். காரணம் சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை.